கினாபாத்தாங்கான் ஆற்றில் யானைகளுக்கு வழிவிடுங்கள்: ஒரு திறந்த மடல்

போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினாபாத்தாங்கான் ஆற்றுச் சுற்றுலாவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும், சுக்காவ் கிராமத்துக் கரையோர விடுதிகளின் உரிமையாளர்களுக்கும்,

சுற்றுலாப் படகுகள் யானைகளை நெருங்கி மிரட்டுவது பற்றி நான் அனுப்பிய புகாருக்கு உங்கள் அலுவலகங்களில் ஒன்றிலிருந்து பதில் வந்தது. விலங்குகளுக்கு எவ்வளவு அருகில் போவது என்பதைப் படகோட்டிகள் தங்கள் அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்கிறார்கள், பயணிகளின் மனநிறைவையும் பார்க்க வேண்டியிருக்கிறது, ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. தனிக் கடிதமாக மறுத்து எழுதினால் அது இன்னொரு கோப்புக்குள் போய்விடும் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். படகோட்டியின் அனுபவம் அன்று என்ன முடிவு செய்தது, அந்த முடிவை யார் மாற்ற வைத்தார்கள் என்பதை அதே படகில் உட்கார்ந்து நான் பார்த்தேன்.

சுக்காவிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வழியில், வெயில் இறங்கத் தொடங்கிய நேரம் அது. வலக்கரையில் யானைக் கூட்டம் ஒன்று நாணலைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது. பெரிய பெண்யானை ஒன்று கரைச் சரிவில் இறங்கி முன்கால்களை நீரில் வைத்து நின்றது. அதன் வயிற்றோரமாக ஒரு குட்டி. பின்னால் மற்றவை வரிசையாக இறங்க ஆரம்பித்தன. எங்கள் படகோட்டி, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத தம்பி, உடனே எஞ்சினை அணைத்தார். "கடக்கப் போகின்றன, நாம் இங்கேயே இருப்போம்" என்று சொல்லி, எதிர்க்கரையோரம் நீரில் சாய்ந்திருந்த ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு படகை அசையாமல் நிறுத்தினார். அங்கிருந்து யானைகள் நன்றாகவே தெரிந்தன. ஒருவரும் பேசவில்லை. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் நான் தீபகற்ப மலேசியாவிலிருந்து கடல் தாண்டி வந்திருந்தேன்.

பிறகு மற்ற படகுகள் வந்தன. மேலிருந்தும் கீழிருந்தும் வந்தன. நான் எண்ணியபோது 17 இருந்தன. வந்த வேகத்தை எவரும் குறைக்கவில்லை. முதலில் வந்தவர்கள் யானைகளுக்கு நேர் எதிரே நின்றார்கள். அடுத்து வந்தவர்கள், முன்னால் நின்ற படகுகள் மறைத்ததால், அவற்றைச் சுற்றிக்கொண்டு இன்னும் உள்ளே போனார்கள். ஒரு படகின் மூக்கு கரைச் சேற்றில் முட்டியது. சிலர் எழுந்து நின்று விசிலடித்தார்கள். யானை திரும்பிப் பார்த்தால் படம் நன்றாக வரும் என்பதற்காக. பெண்யானை பின்வாங்கி மேலேறியது, சற்று நேரம் கழித்து இன்னும் சில அடி தள்ளி இறங்கியது. படகுகளும் அங்கே நகர்ந்தன. மீண்டும் ஏறியது, மீண்டும் இறங்கியது. குட்டி ஒருமுறை சரிவில் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தபோது, தாய்க்கும் அதற்கும் நடுவில் நுழையும் அளவுக்கு ஒரு படகு போனது. தாய் பிளிறிய பிளிறலில் எங்கள் படகில் இருந்த குழந்தைகள் அழுதார்கள். அந்தப் படகில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

யானைகள் அன்று ஆற்றைக் கடக்கவில்லை. கரைக்கு மேலே போய், மரங்களுக்கிடையே நின்றுகொண்டன. அவற்றுக்குப் பின்னால் நெடுந்தூரம் காடு இருப்பதாக நான் நினைத்திருந்தேன். இல்லை. சிறு பட்டையாக மரங்கள், அதற்குப் பின்னால், எண்ணெய்க்காக நடும் செம்பனைத் தோட்டத்து மின்வேலி. முன்னால் படகுகள், பின்னால் மின்சாரம். இருட்டும்வரை அவை அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

இனி, நீங்கள் எழுதிய அந்த 'அனுபவம்' பற்றி. எங்கள் படகோட்டி கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, படகிலிருந்த ஒருவர் கோபப்பட்டார். மற்றவர்கள் எல்லாம் பக்கத்தில் போகிறார்கள், நாங்களும் அதே பணம்தானே கொடுத்திருக்கிறோம் என்றார். அவர் கேட்டதில்கூட எனக்குப் பெரிய வியப்பு இல்லை, தெரியாதவர் கேட்பார். அவர் கைப்பேசியில் விடுதியை அழைத்துப் புகார் சொன்னார். சற்று நேரத்தில் படகோட்டியின் கைப்பேசி ஒலித்தது. அவர் எடுத்து, "ஆமாம் முதலாளி, சரி முதலாளி" என்று மட்டும் சொன்னார். கிளையை விட்டார். எஞ்சினை இயக்கினார். நாங்களும் அந்தக் கூட்டத்தில் பதினெட்டாவது படகாகச் சேர்ந்துகொண்டோம்.

அவருடைய அனுபவம் தள்ளி நிற்கச் சொன்னது. அவருடைய பிழைப்பு கிட்டப் போகச் சொன்னது. ஆற்றில் பிறந்து, தகப்பனோடு வலை இழுத்து வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு, யானை எப்போது கடக்கும், எங்கே கடக்கும், எதற்கு மிரளும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அறிவுக்குத் துணையாக ஒரு விதி அவர் கையில் இல்லை. "இதற்கு மேல் போகக்கூடாது ஐயா, போனால் என் உரிமம் போய்விடும்" என்று பயணியிடமும் முதலாளியிடமும் சொல்ல அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். நீங்களோ, முடிவெடுக்கும் பாரம் முழுவதையும் அந்தப் படகிலேயே மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவரின் தலையில் வைத்துவிட்டு, அதை அவருடைய அனுபவத்துக்குத் தரும் மரியாதை என்கிறீர்கள்.

சுக்காவின் படகுத்துறையில் நான் தேடிப் பார்த்தேன். உயிர்காப்பு அங்கி அணியும்படி ஒரு பலகை இருந்தது, முதலைகள் உண்டு என்று எச்சரிக்கும் பலகை இருந்தது. விலங்குகளிடமிருந்து எவ்வளவு விலகி நிற்க வேண்டும், எத்தனை படகுகள் ஒரே இடத்தில் நிற்கலாம், உணவு போடலாமா கூடாதா என்பதைச் சொல்ல ஒரு வரியும் இல்லை. உங்கள் அலமாரிகளில் ஏதாவது வழிகாட்டிக் குறிப்பு இருக்கலாம். பயணியின் கண்ணுக்குப் படாத விதி பயணிக்கு இல்லாத விதிதான்.

மெனாங்கூல் கிளையாற்றில் நடப்பது இதைவிடத் தினசரி. யானை எப்போதாவது வரும். நீண்டமூக்குக் குரங்குகள் ஒவ்வொரு மாலையும் வருகின்றன. உலகில் போர்னியோத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிர் அது. பகலில் உட்காட்டில் மேய்ந்துவிட்டு, மாலையில் ஆற்றோர மரங்களுக்குத் திரும்பி, அங்கேதான் உறங்கும். அதனால்தான் உங்கள் எல்லாப் படகுகளும் மாலையில் புறப்படுகின்றன. அவை ஆற்றோரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. மெனாங்கூலிலேயே பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்தவர்கள், மரமேறும் காட்டுப் பூனை இனமான படைச்சிறுத்தை இந்தக் குரங்குகளைக் கொன்றதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நீரோரக் கிளையில் உறங்கினால் ஒரு பக்கத்திலிருந்து பகை வராது. ஆறு குறுகும் இடத்தில் உறங்கினால், ஆபத்து வந்தால் அக்கரைக்குத் தாவிவிடலாம். நீரில் முதலை இருப்பதால் நீந்துவதைவிடத் தாவுவதே பத்திரம்.

ஆறு குறுகும் அதே இடத்தில்தான் படகுகளும் நிற்கின்றன. அங்கேதான் குரங்குகள் மிக அருகில் தெரியும். ஆண்குரங்கு கிளையின் நுனிவரை வந்து, கீழே எஞ்சின் உறுமும் படகுகளைப் பார்த்து, தாவாமல் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அதன் குடும்பத்தில் பாதி இக்கரையிலும் பாதி அக்கரையிலும் இருந்தன. இலையைத் தின்று, அதை வயிற்றில் ஊறவைத்துச் செரிக்கும் உயிர் இது. நாளின் பெரும்பகுதியை அசையாமல் உட்கார்ந்தே கழிக்கும். உறங்கப் போகுமுன் தின்னும் கடைசி உணவு அதற்கு முக்கியம். அந்த நேரம்தான் நமக்கும் சுற்றுலா நேரமாக இருக்கிறது. நேரத்தை மாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணிக்கையைக் குறைக்கலாம், சத்தத்தைக் குறைக்கலாம்.

நீண்டவால் குரங்குகளுக்குப் பிஸ்கட் எறிகிறார்கள். பயணிகள் மட்டும் அல்ல, வழிகாட்டியே பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்ததைக் கண்டேன். குரங்குகள் நீரோரம் இறங்கி வந்தால் படம் எடுக்கலாம். இறங்கி வரும் இடத்தில் முதலையும் காத்திருக்கும். இரவுச் சவாரியில், கிளையில் உறங்கும் மீன்கொத்தியின் முகத்தில் கைக்கெட்டும் தூரத்திலிருந்து பெரிய விளக்கைப் பாய்ச்சினார்கள். எல்லோரும் படம் எடுத்து முடிக்கும்வரை அந்த விளக்கு அணையவே இல்லை. உறங்கும் பறவை பறக்காமல் இருப்பதை நாம் இணக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு அந்த ஒளியில் கண் தெரியாது.

இத்தனை விலங்குகளை ஆற்றங்கரையில் இவ்வளவு எளிதாகப் பார்க்க முடிவது ஏன் என்று உங்கள் விளம்பரத் தாள்களில் எவரும் எழுதுவதில்லை. அவற்றுக்குப் போக வேறு இடம் இல்லை. 560 கிலோமீட்டர் ஓடி சூலு கடலில் கலக்கும் இந்த ஆறு, மலேசியாவிலேயே இரண்டாவது நீளமான ஆறு. அதன் கீழ்ப்பகுதி வெள்ளச் சமவெளியில் காடாக இருந்ததில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. எஞ்சியதைச் சேர்த்துத்தான் 2005-இல் கீழ்க் கினாபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 26,000 ஹெக்டேர், அதுவும் ஒரே காடாக இல்லை, பத்துத் துண்டுகள். 2008-இல் ஆற்றின் கழிமுகச் சதுப்பு நிலங்கள், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இந்தத் துண்டுகளுக்கிடையே யானை நடந்து போகும் பாதை பல இடங்களில் ஆற்றங்கரை மட்டுமே. போர்னியோ யானையைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் அழிவுநிலையில் உள்ள உயிராக வகைப்படுத்தியது. காட்டில் மிஞ்சியிருப்பவை ஆயிரம் அளவில்தான். மனிதக் குரங்கான ஓராங் ஊத்தானின் நிலை அதைவிட மோசம்.

செம்பனையைப் பழித்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். நான் பேராக்கில் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்பா செம்பனைக் குலை வெட்டினார். அந்தக் குலை விற்ற கூலியில்தான் நான் படித்து ஆசிரியையானேன். செம்பனை எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டாம். அதனால்தான் கரையில் நான் கண்டது என்னை உறுத்தியது. சபாவின் 1998-ஆம் ஆண்டு நீர்வளச் சட்டம், மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளின் இரு கரையிலும் 20 மீட்டர் ஒதுக்கிவைக்கச் சொல்கிறது. படகில் போகும்போது, வேர் நீரில் தொங்கும் செம்பனைகளை நான் பார்த்தேன். கரை அரிந்து, மரம் ஆற்றில் சாய்ந்து கிடந்த இடங்களும் உண்டு. கரையோர வரிசையில் நட்டு வளர்ந்த மரத்தின் வயதைத் தோட்டத்தில் பிறந்தவளால் தண்டைப் பார்த்தே சொல்ல முடியும். 1998-க்குப் பிறகு நட்டவை அவற்றில் இருந்தன. அந்த 20 மீட்டர் யானைக்கு ஒரு நடைபாதை. அதைத் தோட்டங்களிடமிருந்து கேட்டு வாங்கும் துணிவும் உங்களுக்கு இல்லை, படகுகளைத் தள்ளி நிறுத்தும் துணிவும் இல்லை என்றால் யானை எங்கே நடக்கும்?

கிராமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது முதலில் மீனவக் கிராமம், சுற்றுலாத் தலம் என்பது பிறகு வந்தது. சுக்காவ், பிலிட், அபாய் ஆகிய கம்பங்களில், அதாவது கிராமங்களில், வாழும் ஓராங் சுங்கை (ஆற்று மனிதர்) மக்கள் தலைமுறைகளாக இந்த ஆற்றை நம்பி வாழ்ந்தவர்கள். எங்கள் படகோட்டியின் தாயாரை மறுநாள் அவர் வீட்டில் சந்தித்தேன். ஊரில் எல்லோரும் மக்சிக் (மலாயில் அத்தை, பெரியம்மா போன்ற மரியாதைச் சொல்) என்று அழைக்கும் அந்த அம்மாள், வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து மூங்கில் இறால் பொறி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். வேகப்படகுகள் எழுப்பும் அலையில் பொறிகள் புரண்டுவிடுகின்றன, கட்டிய கயிறு அறுந்து போகிறது, வலை எஞ்சின் விசிறியில் சிக்கினால் விடுதிக்காரர்கள் நிற்கக்கூட மாட்டார்கள் என்றார். இரண்டு வேளை, காலையும் மாலையும், படகுகள் போகும் நேரத்தில் அவர் கணவர் ஆற்றில் இறங்குவதில்லை. மீன் பிடிக்க நல்ல நேரமும் அதுவேதான். மகன் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான், தகப்பன் அந்தப் படகுகளுக்குப் பயந்து கரையில் இருக்கிறான் என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு இருந்தது.

அந்த வீட்டுக்குக் கீழே கரை எவ்வளவு அரிந்திருக்கிறது என்பதையும் காட்டினார். முன்பு கோழிக்கூடு இருந்த இடம் இப்போது தண்ணீர். எல்லா அரிப்புக்கும் சுற்றுலாப் படகுகள்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மேல்பகுதியில் காடு போனபிறகு வெள்ளமும் மாறிவிட்டது. ஆனால் கிராமத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பதற்கு எவருடைய ஆராய்ச்சியும் தேவையில்லை.

இந்த ஆற்றின் நீருக்கடியில் என்ன இருக்கிறது என்பதை நமக்குக் காட்டியவர்களும் இந்த மீனவர்களே. அறிவியல் உலகம் அருங்காட்சியகத்தில் இருந்த பழைய மாதிரியை வைத்து மட்டும் அறிந்திருந்த போர்னியோ ஆற்றுச் சுறா, 1996-இல் கினாபாத்தாங்கானில் மீண்டும் கிடைத்தது. மீனவர் வலையில்தான் கிடைத்தது. படகில் வரும் பயணிகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? குரங்கையும் யானையையும் இருவாச்சியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். ஆற்றையே வாழ்க்கையாகக் கொண்டவர்களிடம் ஒரு கேள்வி கேட்காமல், அவர்கள் வலைக்கு மேல் படகை ஓட்டிக்கொண்டு திரும்புகிறோம்.

இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று நீங்கள் கேட்கலாம். இதைவிடக் கடினமானதை இதே ஆற்றில் செய்திருக்கிறீர்கள். 2017 ஏப்ரலில் சுக்காவில் கட்டவிருந்த 350 மீட்டர்ப் பாலத்தை மாநில அரசு கைவிட்டது. பாலம் வந்தால் யானையின் பாதை துண்டாகிவிடும் என்று ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள், பிரிட்டனின் இயற்கைப் படத் தயாரிப்பாளர் டேவிட் அட்டன்பரோ வரை எதிர்த்து எழுதினார்கள். சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாலம் வேண்டும் என்று கேட்ட கிராமத்தார் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பிள்ளை பள்ளிக்குப் போகவும் நோயாளி மருத்துவமனைக்குப் போகவும் அவர்களுக்குப் பாதை தேவைப்பட்டது. யானைக்காகக் கிராமம் ஒரு பாலத்தையே விட்டுக்கொடுத்தது. அதே யானைக்காக விடுதிகள் ஐம்பது மீட்டரை விட்டுக்கொடுக்கக் கூடாதா? அந்தத் தியாகத்தின் பலன் யானைக்குப் போய்ச் சேராமல், யானையைச் சுற்றி வளைக்கும் படகுகளின் வருமானமாகத் திரும்புவது நியாயமா?

ஆற்றோரம் நல்ல எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன. சில விடுதிகள் விலங்குகளை நெருங்கும்போது பெட்ரோல் எஞ்சினை அணைத்து மின்மோட்டாரில் நகர்கின்றன. அந்தப் படகு பக்கத்தில் வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. பத்து பூத்தே என்ற ஊரில் கிராமத்தாரின் கூட்டுறவே தங்கும் வீடுகளையும் படகுகளையும் நடத்துகிறது, அழிந்த காட்டில் மரமும் நடுகிறது. கிளைகள் எட்டாத சிற்றோடைகளுக்கு மேல் கயிற்றுப் பாலம் கட்டி ஓராங் ஊத்தான் கடக்க வழி செய்ததும் சுக்காவைச் சேர்ந்த ஊர்க்காரர்கள் பங்குகொண்ட முயற்சிதான். தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுத்தான் விதி எழுத வேண்டும்.

விடுதி உரிமையாளர்களே, உங்களிடம் நேராகச் சொல்கிறேன். போட்டி உங்களை நெருக்குகிறது என்பது புரிகிறது. நீங்கள் தள்ளி நிறுத்தினால் பக்கத்து விடுதிக்காரர் கிட்டக் கொண்டுபோவார், மறுநாள் அவருக்கு நல்ல பெயர், உங்களுக்குக் குறை. தனியாக ஒருவர் நல்லவராக இருந்தால் நட்டப்படுவார் என்ற நிலையில்தான் எல்லோருக்கும் பொதுவான விதி வேண்டும். அந்த விதியை எதிர்க்காமல், நீங்களே முன்வந்து கேளுங்கள். வாழைத்தாரை வெட்ட மரத்தையே சாய்ப்பவர்கள்கூட அடியில் கன்று விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். மிரண்ட யானை ஒருநாள் படகைக் கவிழ்த்தால், முதலைகள் உள்ள நீரில் விழப்போவது உங்கள் விருந்தினர்கள். அன்று விசாரணைக் கூண்டில் முதலில் ஏறப்போவதும் அதே படகோட்டித் தம்பிதான் என்பதை நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

அதிகாரிகளே, சுற்றுலா நிறுவனத்துக்கு உரிமம் தருவது ஓர் அலுவலகம், படகைப் பதிவு செய்வது இன்னொன்று, விலங்குகளைக் காப்பது வேறொன்று, கரையைக் காப்பது மற்றொன்று. என் புகார் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போனதையும் நான் அறிவேன். இந்தப் பிரிவு உங்களுடைய நிர்வாக வசதி. யானைக்கு முன்னால் அது ஒரே ஆறு. நீங்கள் நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

நான் கேட்பவை இவை. யானைக் கூட்டம் கரையில் இருந்தால் 50 மீட்டருக்குள் எந்தப் படகும் போகக்கூடாது. அவை நீரில் இறங்கத் தொடங்கினால், கடந்து முடியும்வரை எல்லாப் படகுகளும் எஞ்சினை அணைத்து ஒரே பக்கமாக ஒதுங்க வேண்டும், யானைக்கும் அக்கரைக்கும் நடுவில் எவரும் இருக்கக்கூடாது. இதை வேண்டுகோளாக அல்லாமல் உரிமத்தின் நிபந்தனையாக எழுதுங்கள். மீறினால் அபராதம் விடுதி உரிமையாளருக்கு வர வேண்டும், படகோட்டிக்கு அல்ல. அவரை நெருக்கியவர் உரிமையாளர் என்பதால்.

மெனாங்கூல் போன்ற குறுகிய கிளையாறுகளில் 50 மீட்டர் என்று எழுதுவதில் பொருளில்லை, ஆறே அவ்வளவு அகலம் இல்லை. அங்கே எண்ணிக்கைதான் வழி. ஒரு மாலையில் எத்தனை படகுகள் உள்ளே போகலாம் என்று வரையறுத்து, நேரம் பிரித்து அனுப்புங்கள். ஆறு குறுகி, மரக்கிளைகள் இருபுறமும் நெருங்கும் இடங்களில் படகு நிற்கவே கூடாது என்று பலகை வையுங்கள். கிளையாற்றுக்குள் மின்மோட்டார் மட்டும் என்பதைப் படிப்படியாகக் கொண்டுவாருங்கள். சிறு படகுக்காரர்களும் கிராமத்தாரும் அந்த மோட்டார் வாங்க, பெரிய விடுதிகளிடமிருந்து வசூலிக்கும் கட்டணத்திலிருந்து உதவுங்கள். இல்லையென்றால் இந்த விதி பணக்காரருக்கு ஆற்றைக் கொடுத்து ஏழையை வெளியேற்றுவதாக முடியும்.

விலங்குகளுக்கு உணவு போடுவதைத் தடை செய்யுங்கள், அதை ஒவ்வொரு படகிலும் தமிழ் உட்படப் பயணிகளின் மொழிகளில் எழுதி ஒட்டுங்கள். இரவுச் சவாரியில் உறங்கும் பறவைகள் மீது விளக்குப் பாய்ச்சும் நேரத்துக்கும் தூரத்துக்கும் வரம்பு வையுங்கள். கம்பங்களுக்கு முன்னால் வேக வரம்பு குறியுங்கள். பொறியும் வலையும் கிடக்கும் பகுதிகளை மீனவர்களே காட்டட்டும், அங்கே படகு ஓடக்கூடாத நேரத்தை அவர்களே சொல்லட்டும். விதி எழுதும் குழுவில் மீனவர்களுக்கும் படகோட்டிகளுக்கும் இடம் கொடுங்கள். பார்வையாளராக அல்ல, வாக்குரிமையோடு.

20 மீட்டர்க் கரை ஒதுக்கீடு எங்கெல்லாம் மீறப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை அளந்து, அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். அங்குள்ள செம்பனை வயதாகி வெட்டப்படும்போது மறுநடவு செய்ய அனுமதிக்காதீர்கள். தோட்டக்காரருக்கும் அது தாங்கக்கூடிய இழப்பு, நான் தோட்டக் கணக்குத் தெரிந்தே சொல்கிறேன்.

மழை தொடங்கும் நவம்பரிலிருந்து பயணிகள் குறைவார்கள். அந்த மாதங்களில் இந்த விதிகளை எழுதி முடித்து, மார்ச்சில் படகுகள் மீண்டும் நிறையும்போது படகுத்துறையில் பலகையாக நிற்கும்படி செய்யுங்கள். எனக்கு அனுப்பிய பதிலையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் செய்வீர்களா மாட்டீர்களா, எப்போது என்று எழுத்தில் தெரிவியுங்கள். படகோட்டியின் அனுபவம் என்று மட்டும் மீண்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
பேராக்கிலிருந்து வந்துபோன ஓர் ஆசிரியை